கம்ப்யூட்டர் போய்விட்டது, ஐபாட் மட்டும் மிச்சம்: பாட்டுகளை மீட்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க் வீடுகளில் மேசை டிராயருக்குள் கிடக்கும் பழைய ஐபாட்களில் இருப்பது சினிமாப் பாட்டு மட்டுமல்ல. கேசட்டிலிருந்து மாற்றிய காவடிச் சிந்து இருக்கும். புரட்டாசிச் சனிக்கிழமை பஜனை இருக்கும். இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று சொல்லும் தெருக்கூத்து ராத்திரி முழுக்கப் பதிவாகியிருக்கும். ஆயாவின், அதாவது பாட்டியின், தாலாட்டு இருக்கும். சினிமாப் பாட்டு போனால் இன்னொரு இடத்தில் கிடைக்கும். மற்றவை போனால் போனதுதான். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த மற்றவற்றை மனதில் வைத்து எழுதியவை.

கம்ப்யூட்டர் செத்துவிட்டது. ஐபாடில் பாட்டு ஓடுகிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஐடியூன்ஸ் (ஐபாடுக்குப் பாட்டு ஏற்றும் ஆப்பிள் மென்பொருள்) உள்ள எந்தக் கம்ப்யூட்டரிலும் அவசரப்பட்டுச் செருகாதீர்கள். ஐடியூன்ஸில் உள்ள பாட்டுத் தொகுப்புக்கு லைப்ரரி என்று பெயர். ஒரு ஐபாட் ஒரே ஒரு லைப்ரரியோடுதான் தானாக சிங்க் ஆகும், அதாவது அதில் உள்ளதையே தானும் வைத்துக்கொள்ளும். புதுக் கம்ப்யூட்டரில் லைப்ரரி காலியாக இருக்கும். செருகியதும், இந்த ஐபாட் வேறு லைப்ரரியோடு இணைந்தது, அழித்துவிட்டு சிங்க் செய்யவா என்று ஐடியூன்ஸ் கேட்கும். 'ஈரேஸ் அண்ட் சிங்க்' பட்டனைத் தட்டினால், காலி லைப்ரரிக்கு ஏற்றபடி ஐபாடும் காலியாகிவிடும். நம்மிடம் வருகிற கேள்விகளில் மிகத் துயரமானவை இந்த ஒரு பட்டனால் வந்தவை.

பாதுகாப்பான வழி, ஐடியூன்ஸே இல்லாத விண்டோஸ் லேப்டாப்பில் செருகுவது. வீல் வைத்த ஐபாட் பெரும்பாலும் அங்கே யூஎஸ்பி டிரைவ் போலத் திறக்கும். ஐடியூன்ஸ் உள்ள கம்ப்யூட்டர்தான் கிடைக்கிறது என்றால், செருகும்போது விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும், மேக்கில் கமாண்ட், ஆப்ஷன் இரண்டையும் அழுத்திப் பிடியுங்கள். ஐபாடின் பெயர் திரையில் தோன்றும்வரை விடாதீர்கள். அந்த முறைக்கு சிங்க் நடக்காது.

டெஸ்க்டாப்பை விட லேப்டாப் நல்லது. நகல் எடுக்கும் நடுவில் மின்வெட்டு வந்தாலும் லேப்டாப் பேட்டரி தாங்கும். டெஸ்க்டாப் சட்டென்று அணைந்தால், எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்பதோடு ஐபாடின் கோப்பு அட்டவணையும் கெடலாம்.

செருகிப் பார்த்தேன். டிரைவ் திறக்கிறது, ஆனால் பாட்டு ஒன்றையும் காணோமே?

பாட்டெல்லாம் மறைத்து வைத்த ஃபோல்டரில் இருக்கின்றன. விண்டோஸில் வியூ மெனுவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். மேக்கில் கமாண்ட், ஷிஃப்ட், முற்றுப்புள்ளி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அப்போது 'ஐபாட் கன்ட்ரோல்' என்ற ஃபோல்டர் தெரியும். அதற்குள் 'மியூசிக்', அதற்குள் எஃப்00, எஃப்01 என்று எண் போட்ட ஃபோல்டர்கள், பெரிய ஐபாட்களில் எஃப்49 வரை.

ஒன்றைத் திறந்தால் திகைப்பாக இருக்கும். முருகன் பாட்டு, பஜனை என்று எந்தப் பெயரும் இருக்காது. நான்கு ஆங்கில எழுத்து, பிறகு எம்பி3 அல்லது எம்4ஏ. அடுத்ததும் நான்கு எழுத்து. ஒரே ஆல்பத்தின் பத்துப் பாட்டும் பத்து ஃபோல்டர்களில் சிதறிக் கிடக்கும். எதுவும் கெட்டுப்போகவில்லை, பயப்பட வேண்டாம். ஐபாட் வைக்கும் முறையே அதுதான். பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம் எல்லாம் பெரும்பாலும் கோப்புக்குள்ளேயே 'டேக்' என்ற பகுதியில் எழுதியிருக்கும்.

அப்படியானால் அந்த மியூசிக் ஃபோல்டரை மட்டும் நகல் எடுத்தால் போதுமா?

போதாது. அவசரத்தில் பலரும் தவறவிடுவது இதைத்தான்.

எம்பி3, எம்4ஏ கோப்புகள் தங்கள் பெயரைத் தாங்களே சுமக்கின்றன. வேவ் (சுருக்காமல் வைத்த ஒலி) கோப்புகள் பெரும்பாலும் சுமப்பதில்லை. கேசட்டையும் ஸ்பூல் டேப்பையும் கம்ப்யூட்டருக்கு மாற்றியவர்கள் தரம் குறையக் கூடாது என்று வேவாக வைத்திருப்பார்கள். பிறகு ஐடியூன்ஸில் உட்கார்ந்து, எந்தக் கோயில், எந்த வருஷம், பாடியது யார் என்று பெயர் தட்டியிருப்பார்கள். ஐடியூன்ஸ் அந்தப் பெயரை வேவ் கோப்புக்குள் எழுதவில்லை, தன் லைப்ரரியில் எழுதிக்கொண்டது. ஐபாடுக்குப் போனபோது அது ஐபாடின் டேட்டாபேஸில் எழுதப்பட்டது. கம்ப்யூட்டர் போன பிறகு அந்தப் பெயர்கள் உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே இடம் அந்த டேட்டாபேஸ்தான். 'ஐபாட் கன்ட்ரோல்' ஃபோல்டருக்குள் 'ஐடியூன்ஸ்' என்று ஒரு குட்டி ஃபோல்டர் இருக்கிறதே, அதற்குள் 'ஐடியூன்ஸ்டிபி' என்ற கோப்பு. பிளேலிஸ்ட், நட்சத்திர மதிப்பு, எத்தனை முறை கேட்டது என்ற கணக்கு எல்லாம் அதே ஃபோல்டரில்தான்.

ஆகவே 'ஐபாட் கன்ட்ரோல்' ஃபோல்டரை முழுசாக, உள்ளே எதையும் மாற்றாமல் நகல் எடுங்கள். ஐபாடின் மேல்மட்டத்தில் 'ரெக்கார்டிங்ஸ்' என்ற ஃபோல்டர் இருந்தால் அதையும் எடுங்கள். மைக் செருகிப் பதிவு செய்த குரல்கள் அங்கேதான் இருக்கும். அவை பாட்டுப் பட்டியலில் வராததால், ஐபாடில் அப்படி ஒன்று இருப்பதே வீட்டாருக்குத் தெரியாமல் போகும். பாட்டியின் குரல் அங்கே கிடைத்தவர்கள் உண்டு.

நகல் எடுக்க எவ்வளவு நேரம்? எவ்வளவு இடம் வேண்டும்?

ஒரு நிமிடப் பாட்டு 128 கேபிபிஎஸ் தரத்தில் ஏறக்குறைய 1 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டுக்கு 5 எம்பி. 30 ஜிபி ஐபாட் நிறைந்திருந்தால் ஏறக்குறைய 6,000 பாட்டு. வேவ் அப்படியல்ல: சிடி தரத்தில் நிமிடத்துக்கு 10 எம்பி. ஐபாடுக்குள் சுழலும் சின்ன ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 10 எம்பி தந்தாலே 60 ஜிபிக்கு ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும். சின்னச் சின்னக் கோப்புகளாக இருப்பதால் நிஜத்தில் இன்னும் நீளும். அந்த நேரத்தில் ஐபாடை மெத்தை மேல் வைக்காதீர்கள். சூடு ஏறும். ஓடு தரையில் அல்லது மேசையில் தட்டையாக வையுங்கள், ஓடும்போது தூக்காதீர்கள்.

நடுவில் ஒரு கோப்பில் நின்று போனால், அதை விட்டுவிட்டு மற்றதை எடுங்கள். ஒரே கோப்பைத் திரும்பத் திரும்ப முயன்றால் நலிந்த டிஸ்க் இன்னும் நலியும்.

நகல் எடுத்தாயிற்று. பெயர்களை எப்படி மீட்பது?

எம்பி3, எம்4ஏ மட்டும் இருந்தால் சுலபம். ஐடியூன்ஸில் அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ், அல்லது மேக்கின் மியூசிக் செயலியில் ஃபைல்ஸ் செட்டிங்ஸ் போய், மீடியா ஃபோல்டரை ஒழுங்காக வைத்திரு, சேர்க்கும்போது கோப்பை மீடியா ஃபோல்டருக்கு நகலெடு என்ற இரண்டையும் டிக் செய்யுங்கள். பிறகு, நகலில் உள்ள மியூசிக் ஃபோல்டரை லைப்ரரியில் சேருங்கள். டேக்கைப் படித்து, பாடியவர், ஆல்பம், பாட்டு என்று தானே ஃபோல்டர் போட்டுப் பெயர் மாற்றிவிடும். ஐடியூன்ஸ் வேண்டாம் என்பவர்களுக்கு எம்பி3டேக் என்ற இலவச மென்பொருள். அதில் டேக்கிலிருந்து கோப்புப் பெயர் ஆக்கும் வசதி இருக்கிறது, ஆயிரம் கோப்பை ஒரே தட்டில் மாற்றலாம்.

வேவ் இருந்தால், பிளேலிஸ்ட் வேண்டுமென்றால், டேட்டாபேஸைப் படிக்கத் தெரிந்த மென்பொருள் தேவை. விண்டோஸில் காப்பிடிரான்ஸ், ஷேர்பாட், விண்டோஸ், மேக் இரண்டிலும் ஐமேசிங், லினக்ஸில் ரிதம்பாக்ஸும் ஜிடிகேபாடும். இவை ஐபாட் செருகியிருக்கும்போதே படிக்கும். அதனால்தான் முழு நகல் முதலில், இது இரண்டாவதாக. மீண்டு வந்த வேவ் கோப்புகளை உடனே ஃப்ளாக் வடிவத்துக்கு மாற்றி, பெயரை டேக்கில் எழுதிவிடுங்கள். ஃப்ளாக் தரத்தை இழக்காது, இடம் வேவில் ஏறக்குறைய பாதியாகக் குறையும், பெயரைத் தன்னோடு வைத்திருக்கும். அடுத்த கம்ப்யூட்டர் செத்தாலும் பெயர் சாகாது.

தமிழில் எழுதிய பெயர் எல்லாம் கிறுக்கல் போல வருகிறது.

2000ஆம் ஆண்டு வாக்கில் தமிழ் தட்டியவர்கள் பலர் யூனிகோடு (இன்று எல்லாக் கருவிகளும் படிக்கும் பொதுக் குறியாக்கம்) பயன்படுத்தவில்லை. டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம் இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் மேலே புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக, பாமினி என்றால் பொருளில்லாத சாதாரண ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். எழுத்து அழிந்துவிடவில்லை, படிக்கும் சாவி மாறிவிட்டது, அவ்வளவுதான். எம்பி3டேக்கில் அந்தப் பெயரை நகலெடுத்து என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் ஒட்டி, டிஸ்கி, டாப், பாமினி என்று ஒவ்வொன்றாக முயன்று பாருங்கள். ஒன்றில் சட்டென்று தமிழ் தெரியும். ஒரே ஆள் ஏற்றிய பாட்டுகள் பெரும்பாலும் ஒரே குறியாக்கத்தில் இருக்கும், ஆகவே ஒன்றுக்குக் கண்டுபிடித்தால் மற்றதற்கும் பொருந்தும்.

பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருந்தால், அது பழைய டேக் முறை. அதில் தலைப்புக்கு 30 இடம்தான். வெட்டுப்பட்டது திரும்பாது. கேட்டுத்தான் எழுத வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து எழுதிவிடுங்கள். இன்ன கோயில் திருவிழா, மேளம் இன்னார் என்று ஒரு வரியாவது சொல்வார்கள்.

செருகினால் 'ஃபார்மட் செய்யவா' என்று விண்டோஸ் கேட்கிறது.

செய்யாதீர்கள், கேன்சல் அழுத்துங்கள். பெரும்பாலும் அந்த ஐபாட் முதலில் மேக்கில் அமைக்கப்பட்டது. கோப்புகளை டிஸ்கில் அடுக்கும் முறை, மேக்கில் அமைத்தால் எச்எஃப்எஸ் பிளஸ், விண்டோஸில் அமைத்தால் ஃபேட்32. விண்டோஸுக்கு முதலாவது படிக்கத் தெரியாது, அதனால் டிரைவ் கெட்டது என்று எண்ணிக்கொண்டு ஃபார்மட் கேட்கிறது. மேக் வைத்திருக்கும் உறவினர் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அல்லது எச்எஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற இலவச மென்பொருளை விண்டோஸில் போடுங்கள். உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) போட்ட யூஎஸ்பியில் லேப்டாப்பை எழுப்பினாலும் படிக்கலாம்.

'ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்' கேட்டாலும் இதே பதில்தான். அது அட்டவணையைத் 'திருத்தி', தனக்குப் புரியாததை எல்லாம் 'ஃபவுண்ட்' ஃபோல்டரில் பெயரில்லாத துண்டுகளாகப் போட்டுவிடும். நகல் எடுத்த பிறகு எதையும் திருத்திப் பார்க்கலாம். நகலுக்கு முன் எதையும் திருத்தக் கூடாது.

தெரியாமல் 'ரீஸ்டோர்' (ஐபாடைப் புதிதுபோல் ஆக்குவது) செய்துவிட்டேன். எல்லாம் போய்விட்டதா?

ஹார்ட் டிஸ்க் உள்ள ஐபாட் என்றால் பெரும்பாலும் போகவில்லை. ரீஸ்டோர் செய்வது புது அட்டவணை எழுதுவதுதான். பழைய பாட்டுகள் டிஸ்கில் அப்படியே இருக்கும், மேலே வேறு எழுதப்படும்வரை. அந்த நிமிடமே ஐபாடைக் கழற்றுங்கள். ஒரு பாட்டுகூட ஏற்றாதீர்கள்.

பிறகு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் கொண்டு முழு டிஸ்கையும் ஒரே இமேஜ் கோப்பாக, அதாவது அச்சு நகலாக, எடுங்கள். 80 ஜிபி ஐபாடுக்கு 80 ஜிபிக்கு மேல் காலி இடம் வேண்டும், உள்ளே எவ்வளவு பாட்டு இருந்தாலும் சரி. டிஸ்கின் ஒரு பிரிவான பார்ட்டிஷனை அல்ல, முழு டிஸ்கையே தேர்ந்தெடுங்கள். மேப் கோப்பு ஒன்றையும் சேர்த்துக் கொடுக்க மறக்காதீர்கள். எங்கே வரை படித்தது, எது படிக்க முடியாமல் நின்றது என்று அது குறித்து வைக்கும். நடுவில் கரன்ட் போனால், அதே மேப் கோப்போடு மறுபடி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இமேஜ் கிடைத்ததும் அழிந்த கோப்புகளைத் தேடும் ஃபோட்டோரெக் மென்பொருளை ஓட்டுங்கள். பெயர் ஃபோட்டோ என்றாலும் பாட்டையும் தேடும். கோப்பு வகைப் பட்டியலில் எம்பி3, எம்ஓவி, ரிஃப் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிடுங்கள். எம்4ஏ, எம்ஓவி வகைக்குள் வருகிறது. வேவ், ரிஃப் வகைக்குள். இது தெரியாமல் எம்4ஏவைத் தேடிக் காணாமல் கைவிட்டவர்கள் நிறைய.

ஃபோட்டோரெக் கோப்பின் தொடக்கக் குறியைப் பார்த்துத் தொடர்ச்சியாக எடுத்துக்கொண்டே போகும். காலி ஐபாடில் ஒரே மூச்சில் ஏற்றிய பாட்டுகள் அடுத்தடுத்து அடுக்கியிருக்கும், முழுசாக வரும். பிறகு அழித்து அழித்து இடைவெளியில் ஏற்றியவை துண்டாகக் கிடக்கும். அவற்றில் பாதிப் பாட்டு சிந்து, மீதிப் பாதி வேறு பாட்டாக வரலாம். அதைச் சேர்க்க வழி ஏறக்குறைய இல்லை.

ஐபாட் எழவே இல்லை. ஃபோல்டர் படமும் ஆச்சரியக்குறியும் காட்டுகிறது.

முதலில் சார்ஜ். பேட்டரி அடியோடு இறங்கியிருந்தால் டிஸ்கைச் சுழற்றத் தெம்பு இருக்காது, அப்போதும் இந்தப் படம் வரலாம். அரை மணி நேரம் சார்ஜில் விடுங்கள். டர்பன் கடற்காற்றில் 30 பின் கனெக்டரில் பச்சையாகப் பாசி போலப் படிந்திருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷ்ஷை நனைத்துத் துடைத்து, நன்கு காயவிடுங்கள்.

பின்புறத் தகடு உப்பியிருந்தால், அல்லது திரையில் ஒரு வெள்ளைத் திட்டு அழுத்தினாற்போல் தெரிந்தால் சார்ஜ் போடவே போடாதீர்கள். பேட்டரி வீங்கியிருக்கிறது. குத்துப்பட்டால் தீப்பிடிக்கும்.

அடுத்தது டிஸ்க் மோட். கிளிக் வீல் ஐபாடில் ஹோல்ட் சுவிட்சைத் தள்ளி எடுத்து, மெனுவையும் நடுப் பட்டனையும் சேர்த்து ஆறு நொடி அளவு பிடியுங்கள். ஆப்பிள் படம் வந்ததும் கையை விட்டு, உடனே நடுப் பட்டனையும் பிளே பட்டனையும் பிடியுங்கள். டிஸ்க் மோட் என்று எழுத்து வரும். ஐபாடின் சொந்த மென்பொருள் கெட்டிருந்தாலும் இந்த வழியில் டிரைவாகத் திறக்கும்.

அதே போல் ரீசெட் செய்து, நடுப் பட்டனையும் பின்னால் போகும் பட்டனையும் பிடித்தால் சோதனை மெனு வரும். அதில் ஹார்ட் டிரைவ் பகுதியில் ஸ்மார்ட் விவரம், அதாவது டிஸ்க் தன் நலம் பற்றித் தானே வைக்கும் கணக்கு, இருக்கும். ரீஅலாக்ஸ், பென்டிங் செக்டர்ஸ் இரண்டும் (கெட்டுப்போன, கெட்டதோ என்று சந்தேகப்படும் இடங்களின் எண்ணிக்கை) பூஜ்யம் என்றால் டிஸ்க் நலம். நூற்றுக்கணக்கில் இருந்தால் சாதாரண நகல் வேண்டாம், நேரே டிடிரெஸ்க்யூ.

டிக் டிக் என்று சத்தம் வருகிறது. ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்கிறார்களே?

வைக்காதீர்கள். இங்கே காற்றில் ஈரம் அதிகம். குளிர்ந்த டிஸ்கை வெளியே எடுத்ததும் உள்ளே நீர் பனிக்கும். ஒழுங்கான இடைவெளியில் டிக் டிக் என்று தட்டி, சற்று ஓய்ந்து, மறுபடி தட்டினால் படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்கத் திணறுகிறது. ஒவ்வொரு முயற்சியும் தகட்டைச் சுரண்டலாம். அணைத்துவிட்டு, ஆயாவின் குரல் போல ஈடில்லாதது அதில் இருந்தால் டிஸ்கைத் தூய அறையில் திறக்கும் டேட்டா ரெக்கவரி ஆட்களிடம் கொடுங்கள். மூடியைத் திறக்கும் முன் விலை எழுதி வாங்குங்கள்.

தட்டல் சத்தம் இல்லாமல், ஆச்சரியக்குறி மட்டும் வந்தும் போயும் இருந்தால் உள்ளே ரிப்பன் கேபிள் தளர்ந்திருக்கலாம். இது வீட்டில் சரிசெய்யக் கூடியது. ஐந்தாம் தலைமுறை ஐபாடை மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் ஓரமாக நெம்பித் திறக்கலாம். ஆனால் மூடியை வெடுக்கென்று இழுக்காதீர்கள். பேட்டரி ரிப்பனும் ஹெட்போன் ரிப்பனும் பின்தகட்டையும் உடலையும் சேர்த்துப் பிடித்திருக்கும். அவை கிழிந்தால் வேறு பழுது தொடங்கும். டிஸ்கின் ரிப்பன் சொருகிய இடத்தில் நகம் அளவு பட்டை ஒன்று தாழ்ப்பாள் போல இருக்கும். அதைத் தூக்கி, ரிப்பனை வெளியே எடுத்து, நேராக உள்ளே தள்ளி, பட்டையை அழுத்துங்கள். கிளாசிக் உலோக முகப்பு உள்ளது, அதை வளைக்காமல் திறப்பது கடினம். பழக்கப்பட்ட கையிடம் விடுவதே மேல்.

ஐபாட் மினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: உள்ளே இருப்பது காம்பாக்ட்ஃப்ளாஷ் அளவுள்ள மைக்ரோடிரைவ். கழற்றி, டைப் 2 காம்பாக்ட்ஃப்ளாஷ் ஏற்கும் கார்டு ரீடரில் போட்டுப் படிக்கலாம்.

ஐபாட் டச், ஷஃபிள், வேறு கம்பெனி பிளேயர்?

டச், ஐபோன் போன்றது, டிரைவாகத் திறக்காது. ஐமேசிங் போன்றது வேண்டும், பாஸ்கோடும் தெரிந்திருக்க வேண்டும். ஷஃபிளும் நானோவும் மேலே சொன்ன அதே 'ஐபாட் கன்ட்ரோல்' முறைதான். சோனியின் பழைய பிளேயரில் 'ஓஎம்ஜிஆடியோ' ஃபோல்டர் இருந்தால், கோப்புகள் அந்த பிளேயருக்கென்றே பூட்டியவையாக இருக்கலாம். வெறும் நகல் வேறெங்கும் பாடாது.

சில பாட்டுகள் எம்4பி என்று முடிகின்றன, திறக்க மாட்டேன் என்கின்றன.

அவை ஐடியூன்ஸ் ஸ்டோரில் பூட்டோடு வாங்கியவை. ஆப்பிள் 2009இல் அந்தப் பூட்டை எடுத்துவிட்டது. தென்னாப்பிரிக்காவுக்கு ஐடியூன்ஸ் ஸ்டோர் வந்ததே 2012 டிசம்பரில். ஆகவே இங்குள்ள ஐபாடில் எம்4பி இருந்தால், அது வெளிநாட்டு அக்கவுண்டில், அதாவது லண்டனிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உறவினர் பெயரில் வாங்கியதாகத்தான் இருக்கும். அந்த இமெயில் யாருடையது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அதே ஆப்பிள் ஐடியில் கம்ப்யூட்டரை அங்கீகரித்தால் பாடும்.

மீட்ட பிறகு எங்கே வைப்பது?

இரண்டு வெளி டிஸ்கில். ஒன்று உங்கள் வீட்டில், மற்றது வேறு பகுதியில் இருக்கும் அக்கா, தம்பி வீட்டில். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் சுற்றுவட்டாரத்தில் வீடுகளே அடித்துப் போயின. ஒரே அலமாரியில் இருக்கும் இரண்டு நகலும் சேர்ந்தே போகும். பெயர் எழுதி முடித்த தொகுப்போடு, முதலில் எடுத்த 'ஐபாட் கன்ட்ரோல்' நகலையும் ஐந்தாறு மாதமாவது அழிக்காமல் வையுங்கள். ஏதோ ஒரு தாலாட்டு விடுபட்டது என்று நான்கு மாதம் கழித்துத்தான் தெரியவரும்.